வழித்துணை: போனக்காட்டுக்கு எந்த வழி?

சென்ற திங்கள் நம் சங்கத்தின் படிப்பகத்தில் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்தோம். இளைஞர் மூவர் வந்து கைப்பேசியில் நிலப்படத்தை விரித்துக்கொண்டு நம்மைச் சூழ்ந்து நின்றனர். மூவரும் நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். மூவரிடமும் மோட்டார் சைக்கிள் உண்டு. "அண்ணாச்சி, நீங்கள் போனக்காட்டில் பிறந்தவராமே! அங்கே போக நல்ல வழி ஒன்று சொல்லுங்கள். இயற்கைக் காட்சி வேண்டும், வளைவுகள் நிறைய வேண்டும்" என்றனர்.

அன்று நாம் உடனே விடை கூறவில்லை. பார்சல் அலுவலகத்தில் பணி செய்பவர்கள் நாம்; எந்தப் பொருளை எந்த வண்டியில் ஏற்றினால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்வதே நம் தொழில். ஆயினும் போனக்காட்டு வழியைத் தேர்வதில் நாமே ஒருமுறை பிழை செய்தோம். அதைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்வது முறையன்று என்று தோன்றிற்று. ஆகவே இந்தத் திங்கள் பகுதியை அதற்கென்றே வைத்துக்கொண்டோம்.

வளைவுக்கு ஆசைப்படுவது நம் பிள்ளைகளின் குற்றமன்று; உலகம் முழுதும் உள்ள ஆசைதான். நம் உறுப்பினர் ஒருவரின் மகன் இத்தாலி நாட்டு மிலான் நகரத்தில் பணி புரிகிறார். அவர் தந்தைக்கு எழுதிய கடிதத்தை நாமும் படித்தோம். ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ என்று ஒரு கணவாய். உயரம் 2757 மீட்டர். ஆஸ்திரியப் பேரரசு லொம்பார்டியை ஆண்ட காலத்தில், கார்லோ தோனகானி என்ற பொறியாளர் அமைத்த அந்தச் சாலை 1825-இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கத்து ஏற்றத்தில் மட்டும் 48 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருக்கிறார்கள். பனிக்காலத்தில் சாலை மூடப்படும். கோடையிலோ ஐரோப்பா முழுவதிலுமிருந்து மோட்டார் சைக்கிள்கள் வந்து குவியும்.

நம் பிள்ளை வாடகை வண்டி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த 48 வளைவுகளையும் ஏறியிருக்கிறார். முன்னால் ஒரு பேருந்து, பின்னால் எண்ணற்ற வண்டிகள். வளைவைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார். மற்றொரு முறை வார நாளில் சென்று, பக்கத்திலுள்ள உம்பிரயில் கணவாய் வழியே சுவிட்சர்லாந்துப் பக்கம் இறங்கினாராம். பெயர் பெறாத அந்தச் சிறு சாலையில்தான் பள்ளத்தாக்கைக் கண்ணாரக் கண்டேன் என்கிறார். அவ்வளவு தொலைவு போய் அவர் கற்றதை நாம் இங்கேயே கற்றோம். ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலை சற்று அதிகம்.

போனக்காடு எங்குள்ளது என்பது இதழைப் படிக்கும் எல்லாருக்கும் தெரிந்திராது. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அகத்தியர்மலையின் மேற்குச் சரிவில் உள்ள தேயிலைத் தோட்டம் அது. வெள்ளைத் துரைகள் இட்ட பெயர் 'போன் அக்கார்ட்' என்பது. நல்லிணக்கம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். ஸ்காட்லாந்தின் அபெர்தீன் நகரத்து முத்திரை வாக்கும் இதுவே. கொழுந்து பறிக்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த நம் முன்னோர் நாவில் அது போனக்காடு ஆயிற்று. 'காடு' என்பதை நாமே சேர்த்துக்கொண்டோம் போலும். கண்ணெதிரே இருந்தது காடுதானே!

தலைக்கு மேலே 1868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர்கூடம். தமிழ் முனிவர் இருந்த பொதிகை என்று நாம் போற்றும் மலை. கிழக்கே இறங்கும் நீர் தாமிரபரணி. மேற்கே இறங்கும் நீரில் ஒன்று கரமனை ஆறு. அந்த ஆற்றின் குறுக்கே 1983-இல் கட்டிய பேப்பாறை அணையிலிருந்துதான் திருவனந்தபுர நகரத்துக்குக் குடிநீர் வருகிறது. போனக்காட்டைக் கண்டிராத நம் நகரத்துக் குடும்பங்களும் அம்மலை நீரைத்தான் நாள்தோறும் பருகுகின்றன. மலையுச்சிக்கு நடந்து செல்ல ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டிக் கேரள வனத்துறை அனுமதி வழங்கும். அந்த நடைப்பயணம் தொடங்குமிடமும் போனக்காடே.

வழிகளுக்கு வருவோம். மூன்று உண்டு.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக விதுரா சேர்வது ஒன்று. குறுகிய வழி, நெடுமங்காடு தாண்டும் வரை கடைகளும் பேருந்துகளும்தான் காட்சி. விதுராவில் சாலை பிரியும். ஒன்று கல்லாறு கடந்து பொன்முடிக்கு ஏறும். 22 கொண்டையூசி வளைவுகள் அந்தச் சாலையில்தான் உள்ளன. வளைவே வேண்டும் என்பவர்கள் அங்கே போய்க்கொள்ளட்டும். மற்றொன்று ஜெர்சி மாட்டுப் பண்ணைப் பக்கமாக, சாத்தன்கோடு கடந்து, காணித்தடம் சோதனைச்சாவடிக்குச் செல்லும். அங்கே வனத்துறையினர் பெயரையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொண்டு, அவர்கள் விட்டால்தான் மேலே செல்லலாம். அதற்கப்பால் அடர்ந்த காடும் உடைந்த சாலையும். யானையும் காட்டெருமையும் குறுக்கே வரும் இடம்.

கன்னியாகுமரி மாவட்டத்து உறவினரைப் பார்த்துவிட்டு வருவோருக்கு இரண்டாம் வழி ஏற்றது. மார்த்தாண்டத்திலிருந்து அருமனை, பனச்சமூடு, வெள்ளறடை, காட்டாக்கடை, ஆரியநாடு என்று வந்து விதுரா சேரலாம். வழியெல்லாம் ரப்பர்த் தோட்டம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை வகுத்தபோது இந்தப் பக்கம் ஒரு வீடு அந்தப் பக்கம் ஒரு வீடு என்று பிரிந்த உறவுகள் இன்றும் அந்த ஊர்களில் ஏராளம். சற்று விலகினால் நெய்யாறு அணையும் காணலாம். சிற்றூர்களும் சந்திகளும் அடுத்தடுத்து வருவதால் விரைந்து செல்ல இயலாது, அவ்வளவே குறை.

மூன்றாவது செங்கோட்டை வழி. இதைப் பற்றி எழுதும்போது நம் பேனா நிற்காது, வாசகர் பொறுத்தருள்க. செங்கோட்டையை விட்டுப் புளியரை ஏற்றம் ஏறி, கோட்டைவாசல் கடந்து, ஆரியங்காவு வந்தால் காற்றே மாறிவிடும். கிழக்கே வெயில் காய்ந்த வயல். மேற்கே நனைந்த காடு. சாலையின் கூடவே ரயில்பாதையும் வரும். கொல்லம்–செங்கோட்டை மீட்டர் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. கழுதுருட்டியில் கருங்கல்லால் கட்டிய பதின்மூன்று கண் பாலம் சாலையோரத்திலேயே நிற்கிறது. 2010-இல் மீட்டர் பாதையை மூடினார்கள். அகலப் பாதை முழுமையடைந்து வண்டி ஓடத் தொடங்கியது 2018-இல். மீட்டர் பாதைக்கென எழுப்பிய பாலம் அகலப் பாதையையும் தாங்கி நிற்கிறது. ரயில்வேயில் உண்பவன் அதைப் பார்த்து நில்லாமல் போவது கடினம்.

தென்மலையில் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு இடப்புறம் திரும்பவேண்டும். சரக்கு லாரிகளின் தொல்லை அதோடு தீர்ந்தது. காட்டின் ஊடே குளத்துப்புழை. அங்கே சாஸ்தா கோயில் ஆற்றுத்துறையில் மீன்களுக்கு உணவிடுவது வழக்கம். தேநீர்க் கடையில் அமர்ந்தால் நம் தமிழ் காதில் விழும். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்காக அங்கே ரப்பர்த் தோட்டம் அமைத்தார்கள். அதை நடத்த மறுவாழ்வுத் தோட்டக் கழகம் 1976-இல் நிறுவப்பட்டது. இலங்கையில் தேயிலை கிள்ளிய கை கேரளத்தில் ரப்பர்ப் பால் வெட்டக் கற்றது. அவர்கள் பேச்சில் கண்டித் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். கேட்க இனிமையாகவே இருக்கும். பின்னர் மடத்தறை, பாலோடு, விதுரா. செங்கோட்டையிலிருந்து போனக்காடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். காட்சிக்கு இந்த வழியை மிஞ்ச மற்ற இரண்டாலும் ஆகாது.

இந்தப் பெருமையில் மயங்கித்தான் நாம் தவறினோம்.

நம் தந்தையாரின் தமக்கை போனக்காட்டில் கொழுந்து பறித்தவர். பதினைந்து வயதில் கூடை சுமக்கத் தொடங்கியவர், ஓய்வு பெறும் வயது வரை சுமந்தார். 1990-களின் இறுதியில் தேயிலை விலை வீழ்ந்தபின் கேரளத் தோட்டங்கள் பல நலிந்தன; பல மூடப்பட்டன. நம் லயத்திலும் முதலில் சம்பளம் தாமதமாயிற்று, பிறகு பாதியாயிற்று, பிறகு இல்லையாயிற்று. நாம் சிறுவனாக இருந்தபோதே நம் பெற்றோர் விதுராவுக்கு இறங்கிவிட்டனர். அத்தையாரும் மாமாவும் இறங்கவில்லை. பணிக்கொடை வரும், பாக்கி வரும் என்று காத்திருந்தனர். காத்திருந்த காலத்திலேயே மாமா இறந்தார். தோட்டத்து மேட்டில், இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அவரை அடக்கம் செய்தோம். சில ஆண்டுகள் கழித்து அத்தையார் செங்கோட்டையிலுள்ள தம் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பாக்கி இன்னும் வரவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், "மக்கா, உங்க மாமாவுக்கு ஒரு சூடம் கொளுத்திட்டு வரணும், என் முட்டு முழுசாப் போறதுக்குள்ள கூட்டிட்டுப் போ" என்றார். அரசுப் பேருந்து போனக்காடு வரை உண்டு. ஆனால் இறங்குமிடத்திலிருந்து அந்த மேடு வரை ஏறி நடக்க அவர் முழங்காலால் முடியாது. எனவே நம் மோட்டார் சைக்கிளில் பின்னிருக்கையில் அமர்த்தி அழைத்துப்போவதென்று முடிவு செய்தோம்.

வழியை நாமே தேர்ந்தோம். அத்தையாரைக் கேட்கவில்லை. அழகான வழியில் அழைத்துப்போகிறோம் என்ற நினைப்பு நமக்கு. காலை எட்டு மணிக்குச் செங்கோட்டையை விட்டோம். கழுதுருட்டியில் வண்டியை நிறுத்திப் பாலத்தின் ஒவ்வொரு கண்ணையும் காட்டி, மீட்டர் பாதைக்கும் அகலப் பாதைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினோம். அவர் மைல்கல்லில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அல்லது கேட்பதுபோல் இருந்தார். குளத்துப்புழையில் மீனுக்குப் பொரி போட்டோம். தேநீர்க் கடையில் இலங்கையிலிருந்து வந்த முதியவர் ஒருவரோடு பேச்சு நீண்டது. பாலோட்டில் தாவரத் தோட்டம் இருக்கிறது, பார்க்கலாமா என்று கேட்டபோதுதான் அத்தையார் முதன்முதலாக வாய் திறந்தார்: "மணி என்ன மக்கா?"

மணி ஒன்று ஆகியிருந்தது.

சோதனைச்சாவடியில் காவலர் நல்லவர். அத்தையாரின் பழைய தோட்ட அட்டையைப் பார்த்ததும் விட்டுவிட்டார். "நான்கு மணிக்குள் கீழே வந்துவிடவேண்டும், மாலையில் யானை இறங்குகிறது" என்று மட்டும் சொன்னார். லயத்தை அடைந்தபோது இரண்டரை. கூரைத் தகடு பெயர்ந்து, சுவர் பிளந்து, பாதி வீடுகள் ஆளற்றுக் கிடந்தன. மீதி வீடுகளில் இன்னும் மனிதர் வாழ்கிறார்கள். அத்தையாரோடு ஒரே நிரையில் கொழுந்து கிள்ளிய அம்மையார் ஒருவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார்; பால் இல்லாத தேநீர் வந்தது. அதைக் குடிக்காமல் எப்படி எழுந்திருப்பது?

அப்போது நான்கு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. சைலன்சரைக் கழற்றி ஒலி கூட்டிய வண்டிகள். லயத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை அலறி எழுந்தது. வந்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகளே. மேலே இடிந்து நிற்கும் பழைய துரை பங்களாவில் பேய் உலவுவதாக இணையத்தில் பெரிய பேச்சு. அதைப் படம் பிடிக்க வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அத்தையாரைக் கேட்டார்: "பாட்டி, பங்களாவில் பேய் இருப்பது உண்மைதானா?"

"இருந்தா அதுக்கும் சம்பளப் பாக்கி இருக்கும், மக்கா" என்றார் அத்தையார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மையார் சிரிக்கவில்லை.

ஒலியைப் பற்றி ஒரு சொல். ஆல்ப்ஸ் மலையில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த டிரோல் மாநிலத்தில், அழகிய சாலைகளின் ஓரத்தில் வாழும் மக்கள் இந்த இரைச்சலைத் தாளமாட்டாமல் முறையிட்டார்கள். 2020-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே ஒரு வட்டாரத்துச் சாலைகள் சிலவற்றில், 95 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கும் மோட்டார் சைக்கிள்களுக்குத் தடை விதித்தார்கள். முறையிட அங்கே மக்களுக்கு வாய் இருந்தது. போனக்காட்டில் கேட்பார் யார்? கூலி கேட்டே குரல் வற்றியவர்கள் இரைச்சலைப் பற்றியா பேசப்போகிறார்கள்?

மேட்டுக்குப் புறப்பட்டபோது மூன்று மணி கடந்துவிட்டது. பராமரிப்பில்லாத தேயிலைச் செடி மரமாக வளர்ந்து ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. எங்கு பார்த்தாலும் சில்வர் ஓக். எந்த இரண்டுக்கு நடுவே என்று எப்படி அறிவது? அத்தையார் அண்ணாந்து, அகத்தியர்கூடம் தெரியும் திசையை வைத்து இடத்தைக் கணிக்க முயன்றார். அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கிற்று. மலை மறைந்தது, மரம் மறைந்தது. கடைசியில் பத்தடிக்கு அப்பால் அத்தையாரும் மங்கலாகவே தெரிந்தார். செடிகளுக்கிடையே காட்டெருமையின் புதுச் சாணம் கிடந்தது. நாம் நேரத்தைச் சொன்னோம். அவர் மறுபேச்சின்றித் திரும்பினார். அந்த மறுபேச்சின்மைதான் நம்மை இன்றும் உறுத்துகிறது.

இறங்கும்போது அவசரத்தில் மூன்றாம் கியரில் வந்தோம். ஈரச் சருகின்மேல் பின்சக்கரம் வழுக்கிற்று. கீழே விழவில்லை, அத்தையாரின் கை நம் தோளை இறுகப் பற்றியது, அவ்வளவே. பையிலிருந்த சூடமும் வத்தியும் கட்டுப் பிரியாமல் செங்கோட்டைக்குத் திரும்பி வந்தன. வழி நெடுக அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "நீ அழகாத்தான் கூட்டிட்டுப் போன மக்கா" என்று வீட்டு வாசலில் சொன்னார். அதைவிட நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

வழி மட்டுமே வேண்டுவோர் சில செய்திகளைக் குறித்துக்கொள்க. போனக்காட்டை முற்பகலில் அடைந்து, நண்பகல் சாயும்போது இறங்கத் தொடங்கிவிடவேண்டும். மூடுபனிக்கும் யானைக்கும் அதுதான் மருந்து. ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம்; மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை நல்ல பருவம். விதுராவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்க. காட்டுக்குள் கைப்பேசித் தொடர்பை நம்ப வேண்டா. வீட்டில் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் புறப்படுக. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிடுவோர் உண்டு. தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறி வலுவிழக்கும். பின்னால் முதியவர் இருந்தால் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடவேண்டும். வளைவில் குறைத்தால் அவர் முழங்கால் அதைச் சொல்லும்.

சென்னை, மும்பை முதலிய ஊர்களில் வாழும் நம் சங்கத்து உறவுகள் வண்டியை ரயிலில் அனுப்பி வைத்து இங்கே ஓட்டுவதுண்டு. அது நம் அலுவலக மேசை. அதனால் துணிந்து சொல்கிறோம். நீங்கள் போகும் ரயிலிலேயே வண்டியும் வரவேண்டுமானால் பயணச் சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதியலாம். சீட்டு இல்லாவிடில் பார்சலாகப் பதியலாம். பதிவுச் சான்று, காப்பீடு, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல் கொண்டுவருக. டாங்கியில் ஒரு சொட்டும் இல்லாமல் பெட்ரோலை வடித்துவிடவேண்டும். இதில் நம்மிடம் மன்றாடுவோர் பலர். தீப்பற்றும் எண்ணெயை வண்டியில் ஏற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. விளக்கு, கண்ணாடி, கைப்பிடி ஆகியவற்றைச் சாக்கால் நன்றாகக் கட்டி, அனுப்பும் நிலையம், சேரும் நிலையம் இரண்டையும் அட்டையில் தெளிவாக எழுதுக. சேர்ந்த வண்டியை உடனே எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் உண்டு. புறப்பாட்டுக்கு அரைமணி முன் வந்து நிற்போரை நாம் திருப்பி அனுப்பினால் நம்மேல் சினம் கொள்ள வேண்டா.

இனி எஞ்சியது இவ்வாண்டுத் தை. இம்முறை அத்தையாரைக் கேட்டோம். "வழியாவது ஒண்ணாவது! விடியக்காலையில நான் அங்க நிக்கணும்; அவ்வளவுதான்" என்றார். ஆகவே முதல் நாள் இரவு வண்டியில் செங்கோட்டையிலிருந்து கொல்லம் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வரச் செய்தோம். நம் வீட்டில் தங்கி ஒருநாள் காலை நீட்டிப் படுத்தார். அடுத்த நாள் விடியுமுன் எழுந்து, நம் மனைவியார் கட்டித் தந்த இட்டிலியோடு, நாம் அழகில்லை என்று ஒதுக்கிய நெடுமங்காட்டு வழியில் புறப்பட்டோம். கடை திறவாத நேரம். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. விதுரா தாண்டியபோது கிழக்கே மலை கறுத்து நின்று, அதன் விளிம்பில் மட்டும் வெளிச்சம் கசிந்தது. எட்டரை மணிக்கு லயத்தில் இருந்தோம்.

மூடுபனி இல்லை. அகத்தியர்கூடம் துடைத்துவைத்ததுபோல் தெரிந்தது. அத்தையார் அதைப் பார்த்தார். இடப்புறம் ஓடையைப் பார்த்தார். தொழிற்சாலைப் புகைபோக்கியைப் பார்த்தார். பிறகு, "அந்தக் கவட்டை மரம்" என்று கை நீட்டினார். லயத்து அம்மையாரின் மகன் அரிவாளோடு முன்னே சென்று தேயிலையை வெட்டி வழி விட்டான். நாம் அத்தையாரின் கையைப் பிடித்து ஏற்றினோம். கல் சாய்ந்து மண்ணில் பாதி புதைந்திருந்தது; மாமாவின் பெயரில் முதல் மூன்று எழுத்துக்கள் மட்டும் தெரிந்தன. அத்தையார் அழவில்லை. புல்லைப் பிடுங்கி, கல்லைத் துடைத்து, சூடம் கொளுத்தினார். பிறகு பக்கத்துச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நாலைந்து கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். கை அந்த வேகத்தை இன்னும் மறக்கவில்லை.

பதினொரு மணிக்கு இறங்கினோம், இரண்டாம் கியர். விதுராவில் வந்து நின்றதும் திருவனந்தபுரத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினோம். அத்தையார் நம் முதுகில் தட்டினார்.

"உன் பாலத்து வழியாப் போ மக்கா. என்னை மகள் வீட்டுலயே விட்டுரு. அன்னைக்கு நீ சொன்னது ஒண்ணும் என் காதுல ஏறல."

"பாலத்தின் மேலேயே ரயிலில் வந்தீர்களே அத்தை!"

"மேல போனா பாலம் எங்க தெரியும்?"

பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை. மீனுக்குப் பொரியை இம்முறை அவரே வாங்கினார். கழுதுருட்டியில் அதே மைல்கல்லில் அமர்ந்துகொண்டு, பதின்மூன்று கண்ணையும் விரல் விட்டு எண்ணினார். ஒருமுறை பன்னிரண்டு வந்தது, மறுபடி எண்ணினார். ரயில் ஒன்றும் அப்போது வரவில்லை.